லைன் வீட்டுக்கு ஒரு விலாசம்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் விடியுமுன் நின்று பார்த்தால், ஓர் ஊரே புறப்பட்டுப் போவதுபோலத் தோன்றும். 2001-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், பூமிக்குள் இறங்கிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் ரயிலேறிப் பெங்களூர் சென்று பிழைக்கிறார்கள். காலையில் போனவர்கள் இரவில்தான் திரும்புவார்கள். அதுவரை பல வீடுகளில் முதியோர் மட்டுமே இருப்பர்.

அத்தகைய வீடு ஒன்றில் அண்மையில் நாம் கண்ட நிகழ்ச்சியே இன்றைய பேச்சுக்குக் காரணம். சாம்பியன் ரீஃப் பகுதியில் ஒரு லைன் வீடு. தாயாருக்குச் சில நாட்களாக நடை தள்ளாடுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு கேமராவை வாங்கி வந்து முன்னறையில் பொருத்தினார். வீட்டிலிருந்தபடியே தம் கைப்பேசியில் பார்த்தபோது படம் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து பார்த்தார்; ஒன்றும் தெரியவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று தாயாரைத் தொலைபேசியில் கேட்டார். பேரன் அதே இணைப்பில் பாடம் கேட்டுக்கொண்டிருப்பதாக அந்த அம்மாள் சொன்னார். ஆக, வீட்டிலிருந்து வெளியே போகும் வழி திறந்தே இருக்கிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் வழிதான் இல்லை. இது ஏன்?

இதற்கு விடை காண வேண்டுமானால், இணையத்தில் விலாசம் என்பது என்ன என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

கணினியிலோ கைப்பேசியிலோ நாம் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வி சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் புறப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் இரண்டு விலாசங்கள் உண்டு. ஒன்று பெறுபவருடையது, மற்றொன்று அனுப்புபவருடையது. வழிநெடுக உள்ள ரௌட்டர்கள் என்னும் கருவிகள், பெறுபவர் விலாசத்தைப் பார்த்து, தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பதுபோல் பிரித்து, அடுத்த நிலையத்துக்கு அனுப்புகின்றன. விடை திரும்பி வருவதற்கு அனுப்புபவர் விலாசம் வேண்டும். அனுப்பியவர் விலாசம் இல்லாத கடிதத்துக்கு யாரால் மறுமொழி எழுத இயலும்?

இந்த விலாசங்களின் அமைப்பு 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. நான்கு எண்கள், இடையிடையே ஒரு புள்ளி, ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இந்த முறையில் மொத்தம் சுமார் 429 கோடி விலாசங்கள் கிடைக்கும். ஆராய்ச்சிக் கூடங்கள், பல்கலைக்கழகங்கள் போன்ற சில நிறுவனங்களே பயன்படுத்திய அந்நாளில் இது வற்றாத சுரங்கமாகத் தோன்றியது. ஆதலால் வாரி வழங்கினார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் ஒரே கல்வி நிலையத்துக்கு 1,67,77,216 விலாசங்கள் கொடுக்கப்பட்டன. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்ததோ 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாளில்தான். முன்னே வந்தவர்களுக்குத் தோட்டத்துடன் பங்களாவும், பின்னே வந்தவர்களுக்கு வரிசையில் ஓர் அறையும் கிடைப்பது தங்கவயலார் அறியாத கதையன்று.

429 கோடி என்பது இன்றைய உலக மக்கள்தொகையில் பாதியளவுதான். ஒவ்வொருவரிடமும் கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி, கேமரா என்று பல கருவிகள் இருக்கும்போது இது எவ்வாறு போதும்? உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், ஆசியாவுக்கும் பசிபிக் பகுதிக்கும் உரிய இருப்பும் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அளந்து அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த நெருக்கடியை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். 1994-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈக்வாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஓர் உபாயத்தை எழுதி வெளியிட்டார்கள். அதன் கருத்து எளிது. ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கருவிகளுக்கு உலகறிந்த விலாசம் தேவையில்லை. தங்களுக்குள் வழங்கும் உள்விலாசம் போதும். வாயிலில் இருக்கும் ரௌட்டரிடம் மட்டும் சில பொது விலாசங்கள் இருந்தால் எல்லோரும் அவற்றைக் கொண்டே வெளியுலகத்தோடு பேசலாம் என்பது. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில், உள்விலாசத்துக்கென்றே மூன்று தொகுதிகளை ஒதுக்கும் ஆவணம் வெளிவந்தது. 10 என்று தொடங்குவன ஒரு தொகுதி. 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன மற்றொன்று. 192.168 என்று தொடங்குவன மூன்றாவது. நம் வீட்டு வைஃபையில் பெரும்பாலும் காண்பது இந்த மூன்றாவது தொகுதியையே.

லைன்களை எண்ணிப் பாருங்கள். ஒரு லைனில் 14-ஆம் எண் வீடு என்று ஒன்று உண்டு என வைத்துக்கொள்வோம். அடுத்த லைனிலும் 14-ஆம் எண் வீடு இருக்கலாம். லைனுக்குள்ளே, "பதினாலாம் வீட்டில் கொடுத்துவிட்டு வா" என்றால் குழந்தையும் சரியாகக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆனால் சேலத்திலிருந்து வரும் கடிதத்தின் மேல் "14-ஆம் எண் வீடு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது யாருக்குப் போய்ச் சேரும்? உள்விலாசத்தின் தன்மை இதுவே. ஒரே எண் ஆயிரமாயிரம் வீடுகளில் வழங்கலாம். அந்தந்த வாயிலுக்குள்ளே மட்டும் அதற்குப் பொருள் உண்டு. வாயிலுக்கு வெளியே உள்ள ரௌட்டர்கள் அத்தகைய விலாசத்தைக் கண்டால் அதை எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை.

அப்படியானால் உள்விலாசம் மட்டுமே உள்ள கருவிக்கு வெளியிலிருந்து விடை வருவது எவ்வாறு? இதனை விளக்கச் சுரங்கத் தொழிலில் உள்ள ஒரு வழக்கமே நமக்கு உதவுகிறது. குழிக்குள் இறங்குபவர் எண் பொறித்த ஒரு டோக்கனை மேலே கொடுத்துவிட்டு இறங்குவார். ஏறி வந்ததும் அதைத் திரும்பப் பெறுவார். பலகையில் தொங்கும் டோக்கன்களைப் பார்த்தே இன்னும் யார் உள்ளே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். வீட்டு ரௌட்டரும் இவ்வாறே ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. 192.168.1.14 என்னும் கணினி ஒரு பொட்டலத்தை அனுப்பும்போது, அதன்மேல் உள்ள அனுப்புபவர் விலாசத்தை ரௌட்டர் நீக்கித் தன் பொது விலாசத்தை எழுதுகிறது. அதனுடன் போர்ட் எண் என்னும் ஓர் எண்ணையும் சேர்க்கிறது. இதுவே டோக்கன். எந்தக் கருவி, யாருடன் பேசுவதற்காக, எந்த எண்ணைப் பெற்றது என்பது பதிவேட்டில் ஏறுகிறது. விடை திரும்பி வரும்போது அந்த எண்ணைப் பார்த்து, பதிவேட்டைப் புரட்டி, உரிய கணினியிடம் சேர்க்கிறது. உரையாடல் முடிந்ததும், அல்லது நெடுநேரம் பேச்சில்லாமல் இருந்தாலும், அந்தப் பதிவு அழிக்கப்படுகிறது. போர்ட் எண்கள் 65,536 வரை இருப்பதால், ஒரு வீட்டின் கருவிகள் அனைத்தும் ஒரே விலாசத்தில் இடறாமல் பேச இயலுகிறது.

இங்கேதான் அந்த மகனின் சிக்கலுக்கு விடை கிடைக்கிறது. பதிவேட்டில் ஓர் எண் ஏறுவது, உள்ளே இருப்பவர் முதலில் பேச்சைத் தொடங்கும்போதுதான். வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து கதவைத் தட்டினால், அவர் யாரைத் தேடி வந்தார் என்பதற்குப் பதிவு ஏதுமில்லை. ரௌட்டர் அவரைத் திருப்பிவிடும். வீட்டார் யாரையும் அழைக்கலாம். வீட்டாரை யாரும் அழைக்க இயலாது.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. "இந்தப் போர்ட் எண்ணைக் கேட்டு வருபவரை 14-ஆம் எண் கருவியிடம் அனுப்பு" என்று ரௌட்டரில் நிலையான கட்டளை ஒன்றை எழுதிவைக்கலாம். அந்த மகனும் அதைச் செய்திருந்தார், ஆயினும் பலிக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது ரௌட்டரின் வெளிப்பக்க விலாசமே 100.72 என்று தொடங்குவதைக் கண்டோம். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் விலாசங்கள், சேவை தரும் நிறுவனங்கள் தம் சந்தாதாரர்களிடையே பங்கிட்டுக்கொள்வதற்காக 2012-ஆம் ஆண்டில் ஒதுக்கப்பட்டவை. அஃதாவது, அவர் தம் வாயில் என்று எண்ணியது உண்மையில் பெரிய லைன் ஒன்றின் உட்கதவு. அதற்கு அப்பால், நிறுவனத்தின் வாயிலில் இன்னொரு பதிவேடு இருக்கிறது. அங்கே கட்டளை எழுத அவருக்கு உரிமையில்லை.

இரண்டு ரௌட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைப்போருக்கு இன்னொரு தொல்லையும் நேரும். இரண்டிலும் 192.168.1 என்னும் அதே தொகுதி அமைந்துவிட்டால், உட்புற ரௌட்டர் வெளிப்புறத்துக் கருவியையும் தன் பக்கத்தது என்றே எண்ணி வழிதவறிப்போகும். ஒன்றின் தொகுதியை 192.168.2 என்று மாற்றினால் அந்தக் குழப்பம் தீரும்.

வீட்டு நிலைமை இவ்வாறிருக்க, பொது விலாசமும் உள்விலாசமும் ஒரே இணைப்பில் கலந்து வழங்கும் இடங்களும் உண்டு. ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ எட்டு எண்கள் கொண்ட ஒரு சிறு பொதுத் தொகுதியைப் பெறுகிறது என்று கொள்வோம். அதில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் வலையமைப்பின் பொதுப் பணிக்கே போய்விடும். ஒன்று ரௌட்டருக்குப் போகும். எஞ்சிய ஐந்து எண்களை, வெளியார் அணுக வேண்டிய கணினிகளுக்குக் கொடுப்பார்கள். அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்கு உள்விலாசமே கிடைக்கும்.

இவ்விடத்தில் ரௌட்டருக்கு மூன்று ஒழுங்குகள் வேண்டும். பொது விலாசத்தோடு புறப்படும் பொட்டலத்தை மாற்றாமல் அப்படியே அனுப்ப வேண்டும். உள்விலாசத்தோடு புறப்பட்டு வெளியே போவதை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டும். இரு வகைக் கணினிகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது எதையும் மாற்றாமல், வெளியேயும் விடாமல், உள்ளுக்குள்ளேயே வழிகாட்ட வேண்டும். பலர் செய்யும் பிழை, எல்லாவற்றையும் மாற்று என்று ஒரே கட்டளையாக எழுதிவிடுவது. அப்போது அஞ்சல் அனுப்பும் கணினி தன் சொந்த விலாசத்தை இழந்து, ரௌட்டரின் விலாசத்தில் கடிதம் அனுப்புவதாகத் தோன்றும். பெறுகிற இடத்தில் அதை ஐயத்தோடு நோக்குவார்கள். இவற்றோடு, அந்த எட்டு எண்களும் எந்த ரௌட்டருக்கு அப்பால் உள்ளன என்பதைச் சேவை நிறுவனமும் தன் பக்கத்தில் எழுதிவைத்திருத்தல் வேண்டும். ஊருக்கு விலாசம் இருந்தும் தபால் நிலையத்துக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் கடிதம் எப்படி வந்து சேரும்?

பகிர்ந்துகொள்வது குறையன்று. பேத்தமங்கலத்திலிருந்து வந்த பாலாற்று நீரை லைன் மக்கள் பொதுக் குழாயில் முறைவைத்துப் பிடித்தார்கள். அதனால் யாரும் சிறுமைப்பட்டுவிடவில்லை. 1994-ஆம் ஆண்டின் அந்த உபாயம் இல்லாவிடில் இந்தியாவில் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணையமே எட்டியிராது. ஆயினும், அந்த ஆவணத்தை எழுதியவர்களே இதனைக் குறுகிய காலத்துக்கான தீர்வு என்றுதான் குறித்தார்கள். குறுகிய காலம் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. தற்காலிகம் என்று கட்டப்பட்ட குடிசையில் தலைமுறை தலைமுறையாக வாழ நேர்ந்த மக்களுக்கு, தற்காலிகம் என்ற சொல்லின் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

ஒரே விலாசத்தைப் பலர் பகிரும்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது. அந்த விலாசத்திலிருந்து ஒருவர் குற்றம் செய்தால் யாரைப் பிடிப்பது? பாதிக்கப்பட்ட இடத்தில் விலாசத்தை மட்டும் குறித்துவைத்திருந்தால் போதாது. போர்ட் எண்ணும், நொடி பிசகாத நேரமும் வேண்டும். நிறுவனத்தின் பதிவேடும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு லைனில் உள்ள எல்லோர் மீதும் ஐயம் விழும். குற்றமற்றவர் வீட்டுக் கதவு தட்டப்படலாம், குற்றவாளி தப்பலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-ஆம் ஆண்டில் இந்த முறையைப் பற்றிக் கவலை தெரிவித்தது இதனால்தான்.

மறுபுறம், அந்தப் பதிவேட்டில் எந்த நேரத்தில் யார் யாரோடு தொடர்பு கொண்டார் என்பதற்கான தடயம் இருக்கிறது. அதை யார் வைத்திருக்கிறார், எவ்வளவு காலம், யார் கேட்டால் காட்டுவார் என்பன சிறிய கேள்விகள் அல்ல. பதிவேடு என்றால் என்ன என்பதைத் தங்கவயல் நன்கறியும். தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் இங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தம்மைப் பற்றி எழுதப்படும் ஏட்டின் நோக்கத்தைக் கேட்க அந்நாளில் எழுத்தறியாத பலரும் தயங்கவில்லை. எழுத்தறிந்த நாம் இன்று கேட்பதற்குத் தயங்கலாமா?

இதற்கெல்லாம் நிலையான தீர்வு உண்டா என்றால், உண்டு. விலாச அமைப்பின் புதிய பதிப்பு, அஃதாவது ஐ.பி. ஆறாம் பதிப்பு, 1998-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதில் உள்ள விலாசங்களின் தொகையைச் சொல்ல வேண்டுமானால், 340 என்று எழுதி அதன் பின்னே 36 சுழிகள் இட வேண்டும். எனவே, வீட்டுக்கு ஒன்று என்ன, வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த விலாசம் கொடுக்கலாம். இதைப் பயன்படுத்துவதில் இந்தியா இன்று உலகின் முன்வரிசையில் நிற்கிறது. நம் கைப்பேசிகள் பல, நாம் அறியாமலே இந்தப் புதிய விலாசத்தில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். விலாசம் கிடைத்துவிட்டால் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். பகிர்ந்த விலாசத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பதே பாதுகாப்பு என்று எண்ணியிருந்தவர்கள் பலர். ஒளிந்திருப்பது வேறு, பாதுகாப்பாக இருப்பது வேறு. வெளியிலிருந்து வருவதைத் தடுத்து, நாம் அனுமதித்ததை மட்டும் உள்ளே விடும் காவல் கட்டளை ரௌட்டரில் இருத்தல் அவசியம். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவைப்பது, பூட்டை வாங்கிச் சாவியை வாசலில் தொங்கவிடுவதை ஒக்கும்.

அந்த மகனின் கதை எவ்வாறு முடிந்தது என்று நேயர்கள் கேட்கலாம். அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. மாதக் கட்டணம் செலுத்தித் தமக்கென்று ஒரு பொது விலாசத்தைக் கேட்டு வாங்கலாம். கேமரா விற்ற நிறுவனத்தின் கணினியை இடைத்தரகராகக் கொள்ளலாம். அப்போது வீட்டுக் கேமராவும் பெங்களூர்க் கைப்பேசியும் தாமே வெளியே வந்து அந்த மூன்றாம் இடத்தில் சந்திக்கும். ஆனால் தாயார் நடமாடும் அறையின் காட்சிக்கு அந்நியர் ஒருவரின் துணை வேண்டியிருக்கும். மூன்றாவது வழி, புதிய பதிப்பு விலாசம். அவருடைய இணைப்பில் அது முன்பே வந்துகொண்டிருந்தது; ரௌட்டரில் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, ரௌட்டருக்குள் மறைமொழியில் பேசும் ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து, மற்றெல்லா வழிகளையும் அடைத்தார். அன்று மாலை ரயிலில் திரும்பும்போதே, தாயார் விளக்கேற்றுவதை அவர் கைப்பேசியில் கண்டார்.

நேயர்கள் தங்கள் இணையச் சேவை நிறுவனத்திடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கிடைத்திருப்பது பொது விலாசமா, பலரோடு பகிர்ந்த விலாசமா? ஆறாம் பதிப்பு விலாசம் எங்களுக்குக் கொடுக்கப்படுகிறதா? முதற் கேள்விக்கு விடையை நாமே சரிபார்க்கவும் இயலும். ரௌட்டரின் பக்கத்தில் காணும் வெளிப்புற விலாசமும், நம் விலாசத்தைக் காட்டும் இணையத்தளம் ஏதேனும் ஒன்று சொல்லும் விலாசமும் ஒன்றாக இருந்தால் அது நம்முடையது. வேறாக இருந்தால் நாம் இன்னும் ஒரு பெரிய லைனின் உள்ளேதான் இருக்கிறோம்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கி, பிறருக்காகப் பொன் எடுத்துக் கொடுத்தவர்களின் ஊர் இது. மேலே இருப்பவரைக் கீழிருந்து அழைக்க வழி வேண்டும். கீழே இருப்பவரை மேலிருந்து அழைக்கவும் வழி வேண்டும் என்பது சுரங்கத்தில் உயிரைக் காக்கும் விதி. ஒரு பக்கம் மட்டும் திறந்த வாயிலோடு நாம் நெடுநாள் இருந்துவிட்டோம். உலகத்தை நாம் அழைக்க முடிவது நல்லது. உலகமும் நம்மைத் தேடி வந்து, நம் வீட்டுக் கதவைத் தட்டி, நம் பெயரைச் சொல்லி அழைக்க ஒரு விலாசம் இருப்பது அதனினும் நல்லது.